கன்று ஈனும் முன்னும் பின்னும்: கறவை மாட்டின் உடலில் நடப்பதும் நாம் செய்ய வேண்டியதும்

மாடு கன்று போட்ட மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால், "நேத்து என்ன தீனி போட்டீங்க?" என்றுதான் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன போட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிலிருந்து ஈன்ற மூன்று வாரம் வரை, இந்த ஆறு வாரம்தான் கறவை மாட்டுக்கு வருடத்திலேயே ஆபத்தான காலம். பால் காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடுவது), நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பையில் சீழ், கீட்டோசிஸ் (உடல் கொழுப்பு அதிகமாகக் கரைந்து ரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள் சேர்வது), மடிநோய் எல்லாம் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரிசை கட்டி வருகின்றன. தனித்தனி நோய்களாகத் தெரிந்தாலும் பின்னால் ஒரே காரணம் இருக்கிறது: கன்று பிறந்ததும் மாட்டின் உடல் தன்னைவிடப் பாலுக்கு முதலிடம் கொடுக்கிறது. கால்சியம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் ஹார்மோன்கள் மடிப்பக்கம் திருப்பி விடுகின்றன. கன்றைப் பிழைக்கவைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. ஒரு கன்றுக்குத் தேவையான சில லிட்டருக்காக உருவான ஏற்பாட்டில் நாம் பதினைந்து லிட்டர் எதிர்பார்க்கிறோம். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

கீழே உள்ள அளவுகள் சுமார் 400 கிலோ எடையுள்ள ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடுகளை மனதில் வைத்துச் சொல்பவை. நாட்டு மாட்டிலும் நடப்பது இதேதான். பால் குறைவு என்பதால் நெருக்கடியும் குறைவு.

முதல் படி: நாளைக் குறித்து வையுங்கள்

சினை ஊசி போட்ட தேதியிலிருந்து சுமார் 280 நாள். ஒன்பது மாதம், அதோடு ஒரு வாரம் என்று கூட்டிக்கொள்ளலாம்: ஜனவரி 1-ல் ஊசி போட்டால் அக்டோபர் 8 வாக்கில் கன்று. எருமைக்குச் சுமார் 310 நாள். ஊசி போட்ட அன்றே தொழுவத்துச் சுவரில் மூன்று தேதிகளை எழுதிவிடுங்கள்: பால் வற்றவைக்கும் நாள், ஈனுவதற்கு 21 நாள் முந்தைய நாள், ஈனும் நாள். இந்தத் தேதிகள் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஊகம்தான்.

இரண்டாம் படி: 60 நாள் முன்பு, பாலை வற்றவைத்தல்

"இன்னும் மூணு லிட்டர் கறக்குதே, ஏன் நிறுத்தணும்?" என்று தோன்றும். மடியில் பால் சுரக்கும் பழைய செல்கள் கழிந்து புதியவை உருவாக இந்த ஓய்வு வேண்டும். 45 முதல் 60 நாள் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஈத்தில் பால் குறையும். இன்று கறந்த மூன்று லிட்டரைவிட அந்த இழப்பு பெரிது. அடர்தீவனத்தைச் சில நாள் முன்பே குறைத்து, பால் இறங்கியதும் ஒரேயடியாகக் கறவையை நிறுத்துங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கறந்து இழுத்தடிப்பது மடிநோய்க்கு வழி. முன்பு மடிநோய் வந்த மாடாக இருந்தால் காம்புக்குள் ஏற்றும் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போதே மாட்டின் உடல்வாகையும் பார்க்க வேண்டும். 1 (எலும்பும் தோலும்) முதல் 5 (மிகவும் கொழுத்தது) வரையான அளவில் ஈனும்போது 3 முதல் 3.5 இருப்பது நல்லது. விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. கையால் லேசாக அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். வாலடியில் கொழுப்பு திரண்டு உருண்டை கட்டியிருந்தால் மாடு கொழுத்துவிட்டது. அழகாகத் தெரியும், ஆனால் ஈன்ற பிறகு முதலில் விழுவது இந்த மாடுதான். அதற்காக வற்றுக்காலத்தில் பட்டினி போட்டு இளைக்கவைக்க வேண்டாம். கொழுப்பு அவசரமாகக் கரைந்தால் கல்லீரல் இப்போதே கெடத் தொடங்கும். உடம்பைச் சரிசெய்ய வேண்டிய காலம் கறவையின் பிற்பகுதி.

சித்திரை, வைகாசியில் வற்றும் மாடுகளுக்கு நிழலும் தண்ணீர்த் தெளிப்பும் ஆடம்பரம் இல்லை. வற்றுக்காலத்தில் வெப்பத்தில் வாடிய மாட்டின் மடியில் செல் வளர்ச்சி குறைகிறது. அடுத்த ஈத்துப் பால் குறைவாகத்தான் வரும். பால் தராத மாடுதானே என்று வெயிலில் கட்டுவது நம் ஊரில் அதிகம்.

மூன்றாம் படி: கடைசி 21 நாள்

இங்கேதான் நிறையச் செய்ய முடியும். இந்த நாட்களில் மாட்டின் உடலில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. வயிற்றில் கன்று வேகமாக வளர்கிறது. மடியில் சீம்பால் சேரத் தொடங்குகிறது, தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் மடிக்குள் இறங்குகின்றன. தேவை இப்படி ஏறும் அதே நேரத்தில் தீனி எடுப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அதுவும் கடைசி வாரத்தில் சரசரவென்று. ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் பசி மந்தமாகிறது, கருப்பை இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆக, ஈனும் முன்பே மாடு கடனில் இறங்கிவிடுகிறது.

அடர்தீவனத்தை மெல்ல ஏற்றுவது முதல் வேலை. தினம் அரைக் கிலோவில் தொடங்கி ஈனும் சமயத்தில் இரண்டு கிலோ வரை கொண்டுபோகலாம். ஈன்ற பிறகு போடப்போகும் அதே கலவையாக இருக்கட்டும். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் மாவுச்சத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். சத்தை உறிஞ்சும் முதல் வயிற்றின் உட்சுவர் முனைகள் நீள அதைவிட நாளாகும். பழக்காமல், கன்று போட்ட மகிழ்ச்சியில் ஒரே நாளில் ஐந்து கிலோ கொட்டினால் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் அதே வேலையைத்தான் செய்யும்.

அடுத்தது கால்சியம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு அதிகம் கெடுப்பது இந்த விஷயத்தில்தான்.

ஒரு மாட்டின் ரத்தத்தில் ஓடும் கால்சியம் சுமார் 3 கிராம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் இருக்கிறது. முதல் கறவையில் ஐந்து லிட்டர் எடுத்தால், ரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. இதை ஈடுகட்டக் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்கிறது, சிறுநீரில் வீணாகாமல் தடுக்கிறது, சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக் குடல் அதிகமாக உறிஞ்சும்படி செய்கிறது. ஏற்பாடு பிரமாதம்தான், ஆனால் வேகம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும்.

நிறைசினை மாட்டுக்குக் கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் என்ன ஆகும்? ரத்தத்தில் தாராளமாக இருப்பதால் அந்தச் சுரப்பிக்கு வேலையே இல்லை. அறுவடைக்கு முந்தின வாரம் ஆட்களை அனுப்பிவிட்டு, அறுவடை அன்று காலையில் ஆள் தேடுகிற கதைதான். கன்று விழுந்ததும் தேவை எகிறும். ஹார்மோன் விழித்துக்கொள்வதற்குள் மாடு படுத்துவிடும். எனவே கடைசி மூன்று வாரத்தில் கால்சியம் டானிக், சுண்ணாம்புத் தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மருந்துக் கடையில் என்ன சொன்னாலும் சரி.

பொட்டாசியமும் கவனிக்க வேண்டியது. அது தீனியில் அதிகமானால் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. அப்போது பாராதைராய்டு ஹார்மோன் சுரந்தாலும் எலும்பும் சிறுநீரகமும் சரியாகக் காதுகொடுப்பதில்லை. தொழுவம் கழுவிய தண்ணீர் பாயும் வயலில் வளர்ந்த கோ-4, கோ-5 புல்லில் பொட்டாசியம் நிறைய இருக்கும். இந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தையும் கட்டிப்போடும். அதனால் இந்த மூன்று வாரத்துக்கு அந்தப் புல்லைக் குறைத்து, மக்காச்சோளத் தட்டு, சோளத்தட்டு, வைக்கோல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். குதிரை மசாலில் கால்சியமும் பொட்டாசியமும் இரண்டுமே அதிகம். இப்போது வேண்டாம், ஈன்ற பிறகு தாராளமாகப் போடலாம்.

மக்னீசியம் குறைந்தாலும் இதே ஹார்மோன் மந்தமாகும். இந்த மூன்று வாரத்துக்கு ஏற்ற தாது உப்புக் கலவை எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். பெரிய பண்ணைகளில் அம்மோனியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட் போன்ற எதிரயனி உப்புகள் கொடுத்து ரத்தத்தை லேசாக அமிலப் பக்கம் திருப்புகிறார்கள். வேலை செய்கிறதா என்று சிறுநீரைப் பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பார்கள்: சாதாரணமாக 8-ஐ ஒட்டி இருப்பது 6 முதல் 6.8-க்குள் இறங்க வேண்டும். 5.5-க்குக் கீழே போனால் அளவு மீறிவிட்டது. இந்த உப்பு கசக்கும், தீனியையே குறைத்துவிடும். நான்கு மாடு வைத்திருப்பவர் மருத்துவர் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. புல்லை மாற்றுவதிலேயே பாதிக் காரியம் முடியும்.

முதல் ஈத்துக் கிடேரிக்குப் பால் காய்ச்சல் அரிது, எலும்பு இன்னும் வளர்வதால் கால்சியம் சட்டென்று எடுபடும். மூன்றாம் ஈத்திலிருந்து ஆபத்து ஏறும். குடலில் வைட்டமின் டி-க்கான ஏற்பிகள் ஜெர்சியில் குறைவு, ஆகவே ஜெர்சி ரத்தம் அதிகமுள்ள வயதான மாட்டின் மேல் இரட்டைக் கவனம் வேண்டும்.

நான்காம் படி: கடைசி இரண்டு நாள்

ஈனும் நாளை முடிவு செய்வது தாய் அல்ல, கன்று. வயிற்றுக்குள் இடமும் சத்தும் நெருக்கடியாகும்போது கன்றின் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1960-களில் நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் இதைச் செம்மறியாட்டுக் குட்டிகளில் காட்டினார். கார்டிசால் நஞ்சுக்கொடிக்குப் போய், சினையைக் காத்து வந்த புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றவைக்கிறது. அடுத்து புரோஸ்டாகிளாண்டின் வந்து, சூலகத்தில் புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டிருந்த மஞ்சள் திசுவைக் கரைக்கிறது. இப்படிக் கடைசி ஒன்றிரண்டு நாளில் புரோஜெஸ்டிரோன் சடாரென்று இறங்க, அதுவரை அடங்கிக்கிடந்த கருப்பைத் தசை சுருங்கத் தயாராகிறது. இடுப்புத் தசைநார்களை ரிலாக்சின் தளர்த்துகிறது. பால் சுரப்பைத் தொடங்கிவைக்கும் புரோலாக்டின் உச்சத்துக்கு ஏறுகிறது.

இது அத்தனையும் வெளியிலிருந்தே தெரியும். வாலடியின் இரு பக்கமும் குழி விழும். அறை (பிறப்புறுப்பின் வாய்) தளர்ந்து வீங்கும், கண்ணாடி போல் சளி தொங்கும். காம்பு விறைத்துப் பளபளக்கும். உடல் வெப்பம் முந்தைய நாளைவிட அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். தினம் மாலை ஒரே நேரத்தில் வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த இறக்கம் நல்ல துப்பு.

மடி ரொம்ப வீங்கிவிட்டது என்று முன்கூட்டியே கறக்காதீர்கள். சீம்பால் வீணாகும், கால்சியம் இழப்பும் முன்பே தொடங்கிவிடும். வீக்கத்துக்கு உப்பைக் குறைத்து, மாட்டை மெல்ல நடக்கவிட்டால் போதும்.

ஐந்தாம் படி: ஈனும் நேரம்

காய்ந்த வைக்கோல் போட்ட, வழுக்காத இடத்துக்கு மாட்டை மாற்றுங்கள். ஆள்கூட்டமும் நாயும் வேண்டாம். பயந்த மாட்டில் அட்ரினலின் ஏறினால் கருப்பைச் சுருக்கம் நின்றுபோகும். நிலைகொள்ளாமல் எழுந்து படுப்பது இரண்டு முதல் ஆறு மணி நேரம் வரை போகலாம். பனிக்குடம் உடைந்து முக்கத் தொடங்கியதும் கன்றின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது, அந்த அழுத்தம் மூளையிலிருந்து ஆக்சிடோசினை வரவைக்கிறது, அது இன்னும் பலமாக முக்கவைக்கிறது. முன்னங்கால் இரண்டும் மேலே மூக்கும் தெரிந்தால் சரியான நிலை. நன்றாக முக்கியும் ஒரு மணி நேரமாக முன்னேற்றமே இல்லை, அல்லது ஒரு கால் மட்டும், வால் மட்டும் தெரிகிறது என்றால் இழுத்துப் பார்க்காமல் மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு அழைக்க வேண்டிய எண் 1962.

ஆறாம் படி: முதல் 24 மணி நேரம்

கன்று விழுந்ததும் மாட்டுக்கு வேண்டியது தண்ணீர். வெதுவெதுப்பாக, குடிக்கக் குடிக்க, 20 லிட்டருக்கு மேல் போனாலும் கொடுக்கலாம். "பச்சை உடம்பு, தண்ணி காட்டாதே" என்று சொல்லும் பெரியவர்களிடம் வாதம் வேண்டாம், அவர்கள் நகர்ந்ததும் வாளியை வையுங்கள். காலியான வயிற்றைத் தண்ணீரும் நல்ல தட்டுத்தீனியும் நிரப்பினால் நான்காம் வயிறு இடம்பெயரும் ஆபத்தும் குறையும்.

கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் போய்ச் சேர வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நேரம் ஆக ஆக எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடும் கன்றின் குடல் மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் கழிந்தால் அநேகமாக அடைபட்டுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் பால் கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்கவைக்கும்.

நஞ்சுக்கொடி வழக்கமாக எட்டு மணி நேரத்துக்குள் விழும். 12 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருப்பையோடு ஒட்டியிருக்கும் கொடியைப் பிரித்துவிடுவதில் வெள்ளையணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈனும் சமயத்தில் கார்டிசால் ஏற்றமும் கால்சியம் குறைவும் அந்த அணுக்களைத்தான் மந்தமாக்குகின்றன. அதனால் தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுவதும் கையை விட்டுப் பிய்ப்பதும் கருப்பையைப் புண்ணாக்கிச் சீழ் பிடிக்கவைக்கும் வேலை. தரையில் புரளும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தினம் வெப்பம் பாருங்கள். 103 டிகிரிக்கு மேல் போனாலோ நாற்றத்தோடு சிவந்த நீர் வடிந்தாலோ தாமதிக்கக்கூடாது.

ஏழாம் படி: முதல் மூன்று நாள், கால்சியம் காவல்

பால் காய்ச்சல் பெரும்பாலும் ஈன்ற 72 மணி நேரத்துக்குள் வரும். காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மூக்கு காயும், நடை தள்ளாடும், சாணம் நிற்கும். பிறகு மாடு படுத்துக் கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். இந்தப் படம் தெரிந்தால் நிமிடங்கள் முக்கியம். மாடு ஒருக்களித்துச் சாய்ந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும்; வைக்கோல் கட்டு, மணல் மூட்டை வைத்து நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி இருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியம் போரோகுளுக்கோனேட்டை நரம்பில் ஏற்றுவது மருத்துவர் வேலை. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றுவது அதற்குத்தான்.

1897-ல் டென்மார்க்கின் கோல்டிங் ஊர் மருத்துவர் ஷ்மிட், நோய் மடியில்தான் இருக்கிறது என்று நம்பி, மடிக்குள் மருந்துக் கரைசலை ஏற்றினார், மாடுகள் எழுந்தன. பின்னர் வெறும் காற்றை ஏற்றியபோதும் எழுந்தன. அவர் நம்பிய காரணம் தப்பு. மடி நிரம்பியதும் பால் சுரப்பு நின்றது, கால்சியம் ரத்தத்திலேயே தங்கியது. இன்றைக்கு யாரும் காற்று ஏற்ற வேண்டியதில்லை, கிருமி புகுந்துவிடும். ஆனால் அதே தர்க்கத்தில், முன்பு பால் காய்ச்சல் வந்த மாட்டில் முதல் நாள் மடியை ஒட்டக் கறக்காமல் கன்றுக்கு வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக மட்டும் எடுப்பவர்கள் உண்டு.

மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட மாட்டுக்கு, நிற்கும் நிலையில் நன்றாக விழுங்கும்போது, ஈன்றவுடன் ஒரு முறையும் 12 மணி நேரம் கழித்து ஒரு முறையும் வாய்வழிக் கால்சியம் கொடுக்கலாம். கால்சியத்துக்கு உரிய நேரம் இதுதான். படுக்காத மாட்டிலும் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கக்கூடும். வெளியே தெரியாது, ஆனால் தீனி குறையும், காம்புத் துளை இறுக மூடாமல் மடிநோய் புகும்.

எட்டாம் படி: மூன்று வாரம், சர்க்கரைப் பற்றாக்குறை

அசைபோடும் பிராணிக்குத் தின்ற தீனியிலிருந்து குளுக்கோஸ் நேரடியாகக் கிடைப்பது சொற்பம். முதல் வயிற்றில் மாவுச்சத்து நொதித்துப் புரோப்பியோனேட் ஆகிறது; அதைக் கொண்டு கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் வேண்டும். 15 லிட்டர் கறந்தால் தினம் ஒரு கிலோவுக்கு மேல். பால் ஆறாவது, எட்டாவது வாரத்தில் உச்சத்தைத் தொடும், தீனி எடுப்பதோ பத்தாவது வாரம் தாண்டித்தான் உச்சத்துக்கு வரும். நடுவில் விழும் பள்ளத்தை உடம்பிலுள்ள கொழுப்புதான் நிரப்ப வேண்டும்.

அதற்கு ஏற்றபடி ஹார்மோன்கள் மாறுகின்றன. இன்சுலின் குறைகிறது, தசையும் கொழுப்பும் அதன் பேச்சைக் கேட்பதும் குறைகிறது. மடிக்குக் குளுக்கோஸ் எடுக்க இன்சுலின் தேவையில்லை, ஆகவே இருப்பதெல்லாம் அங்கே போகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஏறிக் கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலுக்கு வருகிறது. கொஞ்சமாக வந்தால் எரித்துவிடும். அதிகமானால் கீட்டோன்களாக மாற்றும். இன்னும் மிஞ்சினால் தனக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும், ஏனென்றால் மாட்டின் கல்லீரலுக்குக் கொழுப்பை வெளியேற்றும் திறன் குறைவு. கொழுப்பேறிய கல்லீரலால் குளுக்கோஸ் சரியாகத் தயாரிக்க முடியாது, பற்றாக்குறை இன்னும் கூடும். கொழுத்த மாடு ஏன் முதலில் விழுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

கீட்டோசிஸ் மாடு முதலில் அடர்தீவனத்தை ஒதுக்கும், வைக்கோலை மட்டும் கொறிக்கும். பால் இறங்கும், சாணம் கெட்டியாகும், மூச்சில் நகப்பூச்சு நீக்கி போல ஒரு வாடை. மருந்துக் கடையில் மனிதர்களுக்காக விற்கும் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கலாம். ரத்தத்தில் பார்த்தால் லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் என்றாலே உள்ளுக்குள் தொடங்கிவிட்டது.

வெல்லம் கரைத்து ஊற்றுவது பலருக்கும் தெரிந்த வைத்தியம். அது முதல் வயிற்றிலேயே நொதித்துவிடும், சர்க்கரையாக ரத்தத்தில் சேராது. பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாகி கீட்டோனையே கூட்டவும் செய்யும். குளுக்கோஸ் மாவைக் கரைத்து ஊற்றினாலும் கதி அதுதான். வாய்வழி கொடுக்க வேண்டுமானால் மருத்துவர் சொல்லும் அளவில் புரோப்பிலீன் கிளைக்கால், வழக்கமாகத் தினம் 300 மில்லி, மூன்று முதல் ஐந்து நாள். கடுமையாக இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் நரம்பில் ஏற்றுவார்.

தடுப்பது தீனியில்தான் இருக்கிறது. உடல் பராமரிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர்தீவனம், அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. எருமைக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. இந்த அளவை ஒரே நாளில் எட்டாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ ஏற்றுங்கள். மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, முதலில் தட்டு, பிறகு அடர்தீவனம். தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

எருமை வைத்திருப்பவர்கள் இந்த வாரங்களில் சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். காப்பி நிறத்தில் போனால் பாஸ்பரஸ் குறைந்து ரத்த அணுக்கள் உடைகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவர் வேண்டும்.

ஒன்பதாம் படி: அடுத்த சினை

சத்துப் பற்றாக்குறை நீடித்தால் கருமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோன் துடிப்புகளும் மந்தமாகும், மாடு பருவத்துக்கு வராது. "நாலு ஊசி போட்டும் நிக்கல" என்று மூன்றாம் மாதத்தில் சொல்பவர்கள், ஈன்ற பிறகு மாடு எவ்வளவு இளைத்தது என்று பார்ப்பது நல்லது. உடல்வாகு அரைப் புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் பழுது ஊசியில் இல்லாமல் போகலாம். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் வரை ஆகும். 45 நாளில் பருவம் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியை 60 நாளுக்குப் பிந்தைய பருவத்தில் போடுங்கள்.